வைரஸ் தொற்று புற்றுநோயாக மாறுவது எப்படி? மரபணுவை 'ஆஃப்' செய்யும் கிருமிகள்!

வைரஸ் என்றாலே சளி, காய்ச்சல், நாலு நாள் ரெஸ்ட் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் சில வைரஸ்கள் உடலுக்குள் போனால் பல வருஷம் சத்தமே இல்லாமல் தங்கிவிடும். அப்படித் தங்குவதில் சிலருக்கு மட்டும் அது புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. 2018-ல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் சுமார் 13 சதவீதத்துக்கு வைரஸ், பாக்டீரியா போன்ற தொற்றுகளே காரணம் என மதிப்பிடப்பட்டுள்ளது.

ஒரு கிருமி எப்படி புற்றுநோயை உண்டாக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

எபிஜெனெடிக் மாற்றம்னா என்ன?

நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ இருக்கிறது. அதில் உள்ள மரபணுக்களை ஒரு வீட்டின் சுவிட்ச் போர்டு போல நினைத்துக்கொள்ளுங்கள். எந்த சுவிட்ச் எப்போது ஆன், எப்போது ஆஃப் என்பதை செல்தான் முடிவு செய்கிறது. ஒரு சுவிட்சை ஆஃப் செய்து, அதன் மேல் டேப் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? வயரிங் நன்றாகத்தான் இருக்கும், பல்பும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விளக்கு எரியாது.

இதேபோல, 'மெத்தில்' என்ற சிறிய வேதிப்பொருள் டி.என்.ஏ மீது ஒட்டிக்கொண்டால் அந்த மரபணு வேலை செய்வதை நிறுத்திவிடும். மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை, செயல்பாடு மட்டும் மாறுகிறது. இதைத்தான் எபிஜெனெடிக் மாற்றம் என்கிறார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது இந்த 'டேப்'பும் சேர்ந்தே நகலெடுக்கப்படும் என்பதுதான் சிக்கல்.

வைரஸ் ஏன் இதைச் செய்கிறது?

வைரஸின் நோக்கம் புற்றுநோயை உருவாக்குவது அல்ல. நோய் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் தங்கி, பெருக வேண்டும், அவ்வளவுதான். அதற்காக செல்லின் மெத்தில் ஒட்டும் இயந்திரத்தையே அது தன் வசதிக்குத் திருப்பிவிடுகிறது. அப்போது, செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் 'பிரேக்' மரபணுக்கள் மீதும் டேப் விழுந்துவிடுகிறது. பிரேக் இல்லாத வண்டி போல செல்கள் பெருகத் தொடங்கும். இத்துடன் மரபணுச் சேதமும் சேரும்போது புற்றுநோய் உருவாகிறது.

3 முக்கிய வைரஸ்கள்

எப்ஸ்டீன்-பார் வைரஸ்: 1964-ல் கண்டுபிடிக்கப்பட்ட இதுதான், மனிதனுக்குப் புற்றுநோயை உண்டாக்குவதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ். உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் உடலில் இது இருக்கிறது. பெரும்பாலானோருக்கு எந்தப் பிரச்சினையும் வராது. ஆனால் இரைப்பைப் புற்றுநோய்களில் சுமார் 10-ல் ஒன்று இந்த வைரஸோடு தொடர்புடையது. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்த வகைக் கட்டிகளில் மெத்தில் மாற்றம் மிக அதிகமாக இருந்ததும், 'பி16' என்ற பிரேக் மரபணு முடக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது.

ஹெச்.பி.வி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். இந்த வைரஸின் இ6, இ7 புரதங்கள் செல்லின் காவலாளிகளான இரண்டு புரதங்களை முடக்குகின்றன. இ7 கூடுதலாக மெத்தில் ஒட்டும் நொதியையும் தூண்டுகிறது. இந்த வைரஸின் பங்கைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெபடைடிஸ் பி: கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ். இதன் 'எக்ஸ்' புரதமும் மெத்தில் ஒட்டும் நொதிகளை அதிகரிக்கச் செய்கிறது. கல்லீரலில் தொடரும் வீக்கம் பாதிப்பை இன்னும் கூட்டுகிறது.

தொற்று இருந்தாலே புற்றுநோய் வருமா?

வராது. ஹெச்.பி.வி தொற்று பெரும்பாலானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே சரியாகிவிடும். விலகாமல் தங்கும் சிலருக்குத்தான் ஆபத்து. அவர்களுக்கும் புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எய்ட்ஸ் போன்ற காரணங்களால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வரலாம். இந்த இடைவெளியில்தான் நோயைப் பிடிக்க முடியும்.

மரபணு எழுத்து மாறினால் திருத்துவது கடினம். ஆனால் ஒட்டிய டேப்பை உரிக்க முடியும் என்பதுதான் நம்பிக்கை தரும் விஷயம். 'அசாசிட்டிடின்' போன்ற மருந்துகள் சில ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கு இந்த வழியில் ஏற்கெனவே பயன்படுகின்றன. வைரஸால் வரும் புற்றுநோய்களுக்கும் இது உதவுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன.

தடுப்பது எப்படி?

* ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் டோஸை குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழந்தைப் பருவத்தில் தொற்றினால் சுமார் 95 சதவீதம் பேருக்கு அது நாள்பட்ட நோயாகிறது. பெரியவர்களில் இது 5 சதவீதத்துக்கும் குறைவு. 1984-ல் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிய தைவானில், சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்தது.

* ஹெச்.பி.வி தடுப்பூசிக்கு ஏற்ற வயது 9 முதல் 14. இந்தியாவிலேயே தயாராகும் தடுப்பூசியும் இப்போது கிடைக்கிறது.

* 30 வயதைத் தாண்டிய பெண்கள், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தடுப்பூசி போட்டவர்களும் இதைத் தவிர்க்கக் கூடாது.

* மாதவிடாய் நின்ற பிறகு, அல்லது உடலுறவுக்குப் பிறகு ரத்தப்போக்கு இருந்தால் கூச்சப்படாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அதற்கு வழிவகுக்கும் வைரஸ் தொற்றும். அந்த வைரஸைத் தடுக்க ஊசி இருக்கும்போது, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.