கடலிற் சேமம்

சேமம் என்னுஞ் சொல் நலத்தையும் காவலையும் குறிக்கும். சேமித்தல் என்னும் வினையும் அதனோடு பிறந்ததே. பொருளை எடுத்துவைத்தலும் உயிரைக் காத்தலும் ஒரு சொல்லின் இரு கிளைகளாய் நிற்கும் நயத்தை நான் உணர்ந்தது நிகண்டிலன்று, நந்திக்கடலின் நடுவிலே.

ஆசிரியத் தொழிலிற் சேர்ந்த புதிதில், ஒரு மாலைப்பொழுது, சிறு வள்ளமொன்றில் அந்நீர்ப்பரப்பைக் கடந்துகொண்டிருந்தேன். மாணவர்தம் விடைத்தாள்கள் நிறைந்த பையை, நனையாதிருக்கவேண்டுமென்று, வள்ளக்காரரின் காலருகே மேடான இடம் பார்த்து வைத்திருந்தேன். நடுவழியிற் காற்று எழுந்தது. அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. அவர் ஒரு கையாற் சவளைப் பற்றியவாறே மறுகையை நீட்டினார். நீர் இறைக்கும் பேணி அகப்படவில்லை. அஃது என் பையின் கீழே கிடந்தது! நான் பதறி எழ, வள்ளம் சாய்ந்தது. “இருங்கோ வாத்தியார்!” என்று அதட்டிவிட்டு, பையை இழுத்தெறிந்து அவர் பேணியை எடுப்பதற்குள் நீர் கணுக்காலை மூடிவிட்டது. பெயருக்கேற்ப அப்பேணியே எங்களைப் பேணியது.

கரைசேர்ந்தபின் அவர் என்னைக் கடியவில்லை. “வாத்தியார், தண்ணியிலை ஒண்டையும் தேடக்கூடாது, எடுக்கத்தான் வேணும்” என்றார். ஒரு சாத்திரத்தின் முதற் சூத்திரம் அது.

முல்லைத்தீவுக் கரையோர் நெடுங்காலம் பயின்ற கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். அதற்குக் குழிந்த வயிறு இல்லை. பக்கச் சுவரும் இல்லை. மேலேறிய அலை மரங்களின் இடுக்கு வழியே ஒழுகிவிடும். ஆதலின் அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. ஆனாற் கட்டாத பொருள் அதன்மேல் நில்லாது. வள்ளத்தின் குறை வேறு. அங்கே பொருள் அடித்துச் செல்லப்படுவது குறைவு. வலையின் கீழே புதைந்துபோவதே மிகுதி. ஒன்றிற் பொருளை இழக்கிறோம். மற்றொன்றிற் பொருளிருந்தும் பயனை இழக்கிறோம்.

இவ்விரு குறைக்கும் மருந்து கண்டவர் வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள். கயாக் எனப்படும் அவர்தம் ஓடம் மேற்புறமும் தோலால் மூடப்பட்டது; ஒருவர் அமர ஒரு துளையே உண்டு. வேட்டைக்கு வேண்டிய எறியீட்டியை முன்னே வார்களின் கீழ்ச் செருகுவர்; கடல்நாய்த் தோலால் ஆன மிதவையைப் பின்னே வைப்பர். எழாமலே எடுக்கலாம். இக்காலக் கயாக்குகளில் நீர்புகாத் தடுப்பறைகள் உள்ளன. அவை பொருளைக் காப்பதோடு, அடைபட்ட காற்றால் ஓடத்தையும் மிதக்கச் செய்கின்றன. பாரமானவை தாழ்வாகவும் நடுவாகவும், இலேசானவை இரு முனைகளிலும், முதலில் வேண்டுபவை இறுதியிலும் வைக்கப்படுகின்றன. ஊதுகுழலோ ஓடத்தில் அன்று, ஓட்டுபவரின் மிதப்பு அங்கியிலேயே கட்டப்படும். ஓடம் கைவிட்டுப் போனாலும் குரல் போகலாகாதன்றோ!

இத்தகைய ஓடமொன்று நம் நாட்டுக் கரையையும் தொட்டதுண்டு. ஒஸ்கார் ஸ்பெக் என்னும் செருமானியர் 1932இல் டன்யூப் நதிக்கரையிலுள்ள ஊல்ம் நகரினின்றும் மடிப்புக் கயாக்கிற் புறப்பட்டார். 1935இல் இலங்கையை அடைந்தார். 1939இல் ஆஸ்திரேலியாவுக்குரிய சைபாய்த் தீவிற் கரையேறினார். வழியிற் கயாக்குகள் மாறின. அலைகள் பன்முறை கவிழ்த்தன. எனினும் அவர் எடுத்த படங்கள் சிட்னி நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. ஏழாண்டுக் கடலுக்குத் தப்பிய அப்படங்களினும் சேமத்துக்குச் சான்று வேண்டுமோ?

இன்று நம் கரைகளிற் கண்ணாடியிழைப் படகுகளும் இயந்திரங்களும் வந்துவிட்டன. வேகம் மிகுந்தது; வாடைக்காற்றுக் காலம் மாறவில்லை. 2004 திசெம்பர் 26ஆம் நாள் இக்கரை பட்ட பாட்டை அறியாதார் இலர்.

அண்மையில், தொழிலுக்குப் போவோரின் பிள்ளைகள் பலர் படிக்கும் வகுப்பொன்றில், தந்தையின் படகை வரைந்து அதில் எது எங்கே இருக்குமென்று குறிக்கச் சொன்னேன். குடிநீர், கத்தி, கயிறு, இறைக்கும் வாளி எல்லாவற்றையும் ஒரு சிறுவன் செம்மையாகக் குறித்திருந்தான். மிதப்பு அங்கியை மட்டும் காணவில்லை.

“அங்கி எங்கே, தம்பி?” என்றேன்.

“வீட்டிலை, ஐயா. பழுதாப் போகாமல் அம்மா பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறா” என்றான்.

பொருள் சேமமாக இருக்கிறது.