முதலெழுத்தும் தொழுநோய்க் கிருமியும்

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண உலகமே வருகிறது. அதே மாவட்டத்தில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரால் தொடங்கப்பெற்று 1955-இல் மத்திய அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்த தொழுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் இருக்கிறது. ஹான்சன் 1873-இல் கண்டறிந்த அந்நோயின் கிருமியை, இத்தனை காலத்துக்குப் பிறகும், சோதனைச்சாலைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க எந்த விஞ்ஞானியாலும் இயலவில்லை. ஒரு கிருமி இரண்டாவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். அதுவும் எலியின் பாதத்திலோ, ஆர்மடில்லோ என்னும் அமெரிக்கப் பிராணியின் உடலிலோதான். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடம் பெற்று அவ்விதம் பெருக்கிய கிருமியின் மரபுத்தொகுதி, சுமார் 32 லட்சத்து 68 ஆயிரம் எழுத்துக்களும், 2001-இல் வாசித்து முடிக்கப்பட்டது. ‘டிஎன்’ என்ற அதன் பெயரிலேயே நம் மாநிலம் நிற்கிறது.

வளராத கிருமியின் புரதம் வேண்டுமானால், அதன் மரபணுவை எளிதில் வளரும் எஷரிச்சியா கோலி போன்ற வேறொரு ஜீவனுக்குள் வைத்து அதைக் கொண்டு செய்விப்பதே வழி. இங்கேதான் முதலெழுத்தின் சூக்ஷ்மம் குறுக்கிடுகிறது.

மரபணு பெரும்பாலும் ஏடிஜி என்ற மூன்றெழுத்தில் தொடங்கும். அது மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். பாக்டீரியாக்களிலோ ஜிடிஜியும், சிற்சில இடங்களில் டிடிஜியும் தொடக்கமாக நிற்பதுண்டு. தொழுநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதி 1998-இல் வெளியானபோது, அதன் மரபணுக்களில் நூற்றுக்கு 35 ஜிடிஜியில் தொடங்குவதாகக் கணக்கிட்டார்கள். எஷரிச்சியா கோலியில் அது 14 மட்டுமே. நம் ககரம் ‘கடல்’ என்பதன் முதலில் ஒரு விதமாகவும் ‘அகல்’ என்பதன் நடுவில் வேறு விதமாகவும் ஒலிப்பதுபோல, ஜிடிஜி மரபணுவின் நடுவில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலத்தையும், தலையில் மெத்தியோனினையும் குறிக்கிறது. முதலிடத்துக்கென்றே அமைந்த டி.ஆர்.என்.ஏ. ஒன்று மெத்தியோனினைத் தவிர வேறெதையும் கொண்டுவருவதில்லை என்பதே காரணம்.

எஷரிச்சியா கோலி ஜிடிஜியை ஏற்கும். எனினும் விளைச்சல் பெரும்பாலும் குறையும். ஈஸ்டிலோ மனித உயிரணுவிலோ வைத்தால், அங்கே புரதத்தைக் கட்டும் ரைபோசோம் முன்னிருந்து தேடிக்கொண்டு வந்து, ஜிடிஜியைப் பொதுவாகக் கவனியாமல், அடுத்து எதிர்ப்படும் ஏடிஜியில் வேலையைத் தொடங்கித் தலையிழந்த புரதத்தைத் தந்துவிடக்கூடும். ஆகவே மரபணுவைப் பிரதியெடுக்கும்போதே முதல் ஜியை ஏ ஆக்கிவிடுகிறார்கள். ஓரெழுத்துத்தான் மாறுகிறது, எப்படியும் மெத்தியோனினில் தொடங்க வேண்டிய புரதமோ சிறிதும் மாறுவதில்லை. இந்த நேர்த்தி எனக்கு அளவற்ற வியப்பைத் தருகிறது.

மெய்யான சங்கடம் வேறு. வரிசையில் அடுத்தடுத்து வரும் ஜிடிஜிகளில் எது தொடக்கம், எது வெறும் வாலின்? முன்னாலுள்ள ரைபோசோம் பற்றுமிடத்தையும் உறவுக் கிருமிகளின் வரிசைகளையும் ஒப்பிட்டே ஊகிக்க வேண்டும். தவறினால் புரதம் குறைந்தோ கூடியோ பிறந்து, உரிய வடிவில் மடியாமல் போகலாம். கிருமியையே வளர்த்து அசல் புரதத்தோடு ஒத்துப்பார்க்கும் வசதி தொழுநோய் ஆராய்ச்சியாளருக்கு இல்லை. அத்தனை இடையூறுகளையும் தாண்டி, அக்கிருமியின் நான்கு புரதங்களை ஒரே தொடராக இணைத்து எஷரிச்சியா கோலியில் உற்பத்தி செய்து, லெப்வாக்ஸ் என்ற தடுப்பூசியை ஆக்கியிருக்கிறார்கள். மனிதரிடம் நடந்த அதன் முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2020-இல் வெளியாயின.