மூடிய கண்ணும் மூளையின் கணக்கும்

அஜின்கோர்ட்டில் எமது மாடிக் குடியிருப்பில் அண்மையில் ஒரு சிறு விவாதம். நாலு வயது மகனின் இடது கண் சற்று உட்புறமாகச் சாய்கின்றதே என்று அயல்வீட்டுத் தாய் கவலைப்பட, "வாக்குக்கண் அதிர்ஷ்டமெல்லோ, வளர வளரச் சரிவரும்" என்று அம்மம்மா தேற்றினார்.

எனக்கோ பழைய சஞ்சிகையொன்று நினைவுக்கு வந்தது. நரம்புத் தொகுதி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்கென்றே 1938 முதல் அமெரிக்காவில் வெளிவரும் 'ஜேர்னல் ஒஃப் நியூரோபிசியோலொஜி' அது. விஞ்ஞானம் என் துறையன்று. எனினும் விரிவுரையாளனாயிருந்த நாள்களில், உடலியல் கற்பித்த நண்பரொருவர் அதிலுள்ள கட்டுரையொன்றை எனக்கு விளக்கியதுண்டு.

எழுதியவர்கள் இருவர். ஒருவர் நமது ஒன்ராறியோவின் வின்ட்சர் நகரில் 1926இல் பிறந்து மொன்றியலில் மருத்துவம் கற்ற டேவிட் ஹியூபெல். மற்றவர் சுவீடன் நாட்டவரான ரோர்ஸ்டன் வீசெல். பிறந்து கண் விழிக்காத பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி, இரண்டு மூன்று மாதங்களின் பின் திறந்தார்கள். கொடுமைதான், வாசிக்கையில் மனம் கூசுகின்றது. திறந்த கண்ணின் விழித்திரையிற் பெரிய பழுதில்லை. ஆயினும் பார்வைக்குரிய மூளைப் பகுதியின் கலங்கள் ஏறக்குறைய எல்லாமே அக்கண்ணைக் கைவிட்டு, மற்றக் கண்ணுக்கே செவிசாய்த்தன. வளர்ந்த பூனையில் அதே காலம் மூடிவைத்தும் அவ்வாறான கேடு நேரவில்லை. இது 1963இல் வெளியாயிற்று. 1965இல் அதே சஞ்சிகையில், செயற்கையாக வாக்குக்கண் உண்டாக்கிய குட்டிகளைப் பற்றி எழுதினார்கள்: இரு கண்களுக்கும் பொதுவாகத் தொழிற்படும் கலங்கள் அவற்றில் அருகிப்போயின. 1981இல் இருவரும் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

குழந்தைக்கும் இதுவே பொருந்தும். சாய்ந்த கண் தரும் காட்சியால் உருவம் இரண்டாகத் தெரியாதிருக்க, மூளை அக்கண்ணை ஒதுக்கப் பழகுகின்றது. காலத்தோடு கண்டால் கண்ணாடியாலும், நல்ல கண்ணைத் தினமும் சிலமணி நேரம் மறைத்துவைப்பதாலும் பார்வையை மீட்கலாம். ஏழெட்டு வயதின் பின் பலன் குறைந்துபோகும். முற்றாக இல்லையென்று சொல்வதற்கில்லை: பவன் சின்ஹா இந்தியாவில் நடத்தும் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே பார்வையிழந்த பிள்ளைகள் அவ்வயதைத் தாண்டிச் சத்திரசிகிச்சை பெற்றும் ஓரளவு பார்வை பெற்றிருக்கின்றார்கள். ஆயினும் அதை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமையாகாது.

ஒன்ராறியோவில் 19 வயது வரையான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனைக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. ஓஹிப் அட்டை போதும். இதை அறியாத நம்மவர் பலர். அந்தத் தாய் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் குறித்துவிட்டார். அம்மம்மாவும் கூடப் போகிறாராம்.