சத்திரசிகிச்சைக்குப் பின் மங்கும் பார்வை: படம் கூறுவதும் கூறாததும்

வெண்புரை அகற்றப்பட்டுச் செயற்கை வில்லை பொருத்தப்பெற்ற ஒருவர், சில வாரங்கள் தெளிவாகக் கண்டபின், எழுத்துகள் மீண்டும் மங்குவதாக முறையிடுவதுண்டு. காயம் ஆறியிருக்கும், வில்லையும் உரிய இடத்தில் இருக்கும். ஆகவே, குறை நோயாளியின் மனத்திலேயே உள்ளதென முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு எத்துணை தவறானதாகலாம் என்பதை விழித்திரைப் படவியலின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இத்தகைய பார்வைக் குறைவை 1953இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் விபரித்தார். கண்ணின் உட்புறத்தை நிரப்பும் கண்ணாடியுடனீரின் மாற்றங்களோடு அவர் அதனைத் தொடர்புபடுத்தினார். 1961இல் நொவொட்னி, அல்விஸ் என்னும் இருவர், புளோரசீன் சாயத்தைக் கைநாளத்தில் செலுத்தி, விழித்திரைக் குருதியோட்டத்தைப் படம்பிடிக்கும் முறையை வெளியிட்டனர். நீல ஒளிபட்டுப் பச்சை மஞ்சளாய் ஒளிரும் இச்சாயத்தின் துணைகொண்டு, காஸ், நோட்டன் ஆகியோர் 1966இல், மஞ்சட்பொட்டைச் சூழ்ந்த மயிர்த்துளைக்குழாய்கள் கசிவதைக் காட்டினர். கசிந்த நீர் ஆரைபோல் விரியும் நரம்பிழைகளிடையே தேங்குவதால், பிந்திய படங்களில் பூவிதழ் வடிவம் தோன்றுகின்றது. இந்நிலை இன்று 'இர்வின்-காஸ் நோய்த்தொகுதி' எனப்படுகின்றது. சத்திரசிகிச்சையால் எழும் அழற்சியே இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றது.

1991இல் அறிமுகமான ஓ.சி.டி. முறை, அகச்சிவப்பை அண்மிய ஒளியின் தெறிப்பைக்கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டைத் தருகின்றது. ஊசியோ சாயமோ வேண்டியதில்லை. நீர் தேங்கிய அறைகள் கருங்குழிகளாய்த் தெரிகின்றன. வீக்கத்தின் தடிப்பை மைக்ரோமீற்றரில் அளந்து, அது வற்றுவதையும் தொடர்ந்து கணிக்கலாம்.

எனினும், படம் மட்டுமே நோய்நிர்ணயம் ஆகாது. சாயக்கசிவு காணப்படும் பலருக்குப் பார்வை குறைவதேயில்லை. மறுபுறம், நீரிழிவும் இதையொத்த வீக்கத்தை விளைவிக்கும். நுண்ணிய குருதிக்குழாய்ப் புடைப்புகளும் கொழுப்புப் படிவுகளும் நீரிழிவைச் சுட்டும். பார்வை நரம்புத் தலையிலும் சாயம் கசியுமாயின், அது இர்வின்-காஸ் நிலைக்குச் சார்பான சான்றாகும். விழித்திரைமேல் படர்ந்த மென்சவ்வு அதனை இழுப்பதாலும் வீக்கம் உண்டாகலாம், அதனை ஓ.சி.டி. தெளிவாக்கும். கடும் வலியும் சிவப்பும் சேர்ந்து வருமாயின், முதலில் ஐயுறவேண்டியது கண்ணுட் தொற்றையே. அங்கு படத்துக்காகக் காத்திருத்தல் பார்வையையே பலிகொள்ளும்.

இவ்வேறுபாடுகள் வெறும் ஏட்டறிவல்ல. இர்வின்-காஸ் வீக்கம் பெரும்பாலும் தானாகவோ அழற்சி தணிக்கும் சொட்டு மருந்துகளாலோ குணமாகும். ஆயின், நெடுநாள் கவனியாது விடப்படின் நிலையான பார்வையிழப்பு நேரலாம். இது பொதுவாகச் சத்திரசிகிச்சைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்களளவில் வெளிப்படுவதால், ஆரம்ப நாட்களின் பரிசோதனையோடு கண்காணிப்பை நிறுத்திக்கொள்வது போதாது. அவ்வேளை மீண்டும் வருமாறு நோயாளிக்கு உரைப்பதும், வந்தவரின் சொல்லைச் செவிமடுப்பதும் எந்தக் கருவியும் இன்றிச் செய்யக்கூடியவை. 'மங்குகின்றது' என்னும் அச்சொல்லே முதற் சான்று. படம் அதற்கு விளக்கம் தருவதேயன்றி அதற்கு மாற்றாகாது என்பதே நாம் வலியுறுத்துவது.