தையலைத் திருப்பினால் பந்தும் திரும்பும்!

2004-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு காட்சிப் போட்டி. பேட்டோடு நின்றவர் ஆல்பர்ட் புஹோல்ஸ். பேஸ்பாலில் மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்தையும் கேலரிக்கு அனுப்பும் அதிரடிக்காரர். எதிரே சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச். கையை ராட்டினம்போல ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்பருகே இருந்து பந்தை விட்டார். புஹோல்ஸ், ஸ்ட்ரைக் அவுட்! மைக் பியாஸா, பிரையன் ஜைல்ஸ் என்ற மற்ற இரண்டு நட்சத்திரங்களுக்கும் அன்று ஃபின்ச்சிடம் அதே கதிதான்.

பெயரில்தான் 'சாஃப்ட்'. சுற்றளவு 12 அங்குலம் உள்ள கனமான பந்து அது. பேஸ்பாலில் வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 60 அடிக்கு மேல் தூரம். பெண்கள் சாஃப்ட்பாலில் வெறும் 43 அடி. மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 விநாடியில் வந்து சேர்ந்துவிடும். கண் சிமிட்டும் அந்த நேரத்துக்குள் பந்து வளையவும் செய்தால் அடிப்பவர் பாவம்தானே?

வளைவுக்கு முதல் காரணம் சுழற்சி. நம் ஸ்பின்னர்களின் டாப் ஸ்பின் பந்து திடீரெனக் கீழே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சாஃப்ட்பாலின் 'டிராப்' பந்தும் அப்படித்தான். பின்னோக்கிச் சுழன்றால் 'ரைஸ்', பக்கவாட்டில் சுழன்றால் 'கர்வ்'. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். பல வருடங்களாகப் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால், ஒரே கை, ஒரே வேகம், ஒரே சுழற்சியில் வீசினாலும் இரண்டு பந்துகள் இரண்டு விதமாகப் போகலாம். காரணம், தையல்.

கிரிக்கெட் பந்தில் சீம் நடுவே ஒரு வளையமாக ஓடும். சாஃப்ட்பாலில் அப்படி இல்லை. எட்டு வடிவத்தில் வெட்டிய இரண்டு தோல் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தைத்திருப்பார்கள். 12 அங்குலப் பந்தில் 88 தையல்கள். அதனால் சீம், குதிரை லாடம்போல வளைந்து வளைந்து பந்தைச் சுற்றிவரும். விரல்களை அந்த லாடத்துக்குக் குறுக்கே வைத்து வீசினால், ஒவ்வொரு சுற்றிலும் நான்கு தையல் கோடுகள் காற்றை எதிர்கொள்ளும். இது 'ஃபோர் சீம்'. பந்தைக் கையிலேயே கால் திருப்பு திருப்பிப் பிடித்தால் இரண்டு கோடுகள்தான். இது 'டூ சீம்'.

அமெரிக்காவின் யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் பேஸ்பாலைச் சுற்றி ஓடும் காற்றை லேசர் வெளிச்சத்தில் படம் பிடித்தார்கள். படகு போனால் பின்னால் தண்ணீர் கலங்கி ஒரு தடம் விழும் அல்லவா? பந்துக்குப் பின்னாலும் காற்றில் அப்படி ஒரு தடம் உண்டு. பந்தின் ஓரத்தில், சரியான இடத்தில் தையல் மேடு வந்து நின்றால், அந்தப் பக்கம் ஓடும் காற்று சீக்கிரமே பந்தைவிட்டுப் பிரிந்துவிடுகிறது. தடம் அந்தப் பக்கமாகச் சாய, பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. சுழற்சியின் அச்சு சற்றுச் சாய்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் தையல் அதே ஓரத்துக்கே திரும்பத் திரும்ப வந்தால் இந்தத் தள்ளல் தொடர்ந்து கிடைக்கும்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். வழக்கமான ஸ்விங்கில் சீம் உள்ள பக்கம்தான் காற்று அதிக நேரம் ஒட்டிக்கொள்ளும். பந்து சீம் காட்டும் திசைக்கே போகும். இங்கே தடித்த நூல் மேடு காற்றை முன்கூட்டியே பிரித்துவிடுவதால் பந்து எதிர்ப்பக்கம் போகிறது. இரண்டிலும் விதி ஒன்றே: காற்று எந்தப் பக்கம் கூடுதலாக ஒட்டியிருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் பந்து நகரும்.

ஆய்வு நடந்தது பேஸ்பாலில் என்றாலும் சாஃப்ட்பாலின் ஒரு பெரிய தலைவலிக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. தாழ்வாகக் கையை வீசி, பந்தைச் சுத்தமாகப் பின்னோக்கிச் சுழல வைப்பது ரொம்பக் கஷ்டம். 'ரைஸ்' என்று நினைத்து வீசும் பல பந்துகள் துப்பாக்கிக் குண்டுபோல முன்னோக்கித் துளைத்துக்கொண்டு சுழலும். அந்தச் சுழற்சிக்கு மேக்னஸ் விசை அநேகமாகக் கிடைக்காது. (நல்ல 'ரைஸ்' பந்தும் நடுவழியில் மேலே தாவுவதில்லை. கீழிருந்து மேல்நோக்கி வரும் பந்து, கண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காததால் எழும்புவதுபோலத் தோன்றுகிறது. இதை ஒரு பிட்சரிடம் சொன்னால் முறைப்பார்!)

பந்து வளையாத சிறுமியிடம் "இன்னும் வேகமாகப் போடு" என்பதே மைதானத்தில் முதலில் கேட்கும் குரல். கீழ்க்கை வீச்சு உடம்புக்கு இயல்பானது, வலிக்காது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. தோளில் ஏறும் விசை பேஸ்பால் வீச்சுக்குக் குறைந்ததல்ல என்று ஆய்வுகள் காட்டிய பிறகும் இந்த நம்பிக்கை போகவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கிக்கொடுத்தார். அந்தச் சாதனையைக் கொண்டாடலாம். 12 வயதுத் தோளுக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது. பிடியை மாற்றுவதால் தோளுக்குக் கூடுதல் சுமை ஏதும் இல்லை.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. பந்தைச் சுற்றி ஒரு வண்ண டேப் ஒட்டி வீசச் சொன்னால் அது எப்படிச் சுழல்கிறது என்று வெறும் கண்ணுக்கே தெரியும். பிறகு டேப்பை எடுத்துவிட்டு, ஃபோர் சீமில் பத்துப் பந்து, டூ சீமில் பத்துப் பந்து. எல்லோருக்கும் ஒரே பலன் வராது. தையல் என்பது விரலுக்குப் பிடிமானமும்கூட. திருப்பிப் பிடித்ததில் பிடி நழுவினால் சுழற்சியே குறைந்துவிடும்.

இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. மஞ்சள் பந்தில் சிவப்பு நூல் சுழல்வதை வைத்தே என்ன பந்து வருகிறது என்று கணிக்கப் பார்ப்பார்கள் கில்லாடி பேட்டர்கள். தையலின் திசை மாறினால் அந்தச் சிவப்புக் கோலமும் மாறிவிடும்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மீண்டும் வருகிறது. ஆட்டங்கள் நடக்கப்போவது ஓக்லஹோமா சிட்டியில். டிவியில் பார்க்கும்போது பிட்சரின் கிளவுஸைக் கவனியுங்கள். வீசுவதற்கு முன் உள்ளே கையை விட்டு, பேட்டருக்குத் தெரியாமல் தையலைத் தடவித் தேடிக்கொண்டிருப்பார்.