தூக்கம் வரலையா, வலிப்பு வருதா? கும்மிடிப்பூண்டியில் இருந்து யாரைப் பார்க்கணும்?

நைட் ஷிஃப்ட் முடிந்தும் தூக்கம் வரவில்லை. இன்னொருவர் மெஷின் பக்கத்திலேயே வலிப்பு வந்து விழுகிறார். இரண்டுக்கும் ஒரே டாக்டர் இல்லை.

வாரக்கணக்கில் தூக்கமின்மை, பதற்றம், விட முடியாத குடி, தற்கொலை எண்ணம்: மனநல மருத்துவர். வலிப்பு, தீராத தலைவலி, கை கால் மரத்துப்போதல்: நரம்பியல் மருத்துவர்.

எங்கே தொடங்குவது?

போனில்: 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நேரில்: மனநலத்துக்கு திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். நரம்பியலுக்கு, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் சென்ட்ரல் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா? உங்கள் டிஸ்பென்சரியில் கேட்டு, பெரிய மருத்துவமனைக்கு ரெஃபரல் வாங்கலாம். குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவி, இரும்பு கொடுக்காதீங்க, பலன் இல்லை. மெஷினை நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால், அல்லது திடீரென வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு பக்கக் கை கால் விழுந்தால், காத்திருக்காமல் 108.