பெயரறியாச் செடி



எமது வீட்டு முற்றங்கள் ஆண்டின் காலங்களைக் காட்டும் நாட்காட்டிகள். பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் வேளையிலே வேம்பு பூத்து ஒழுங்கையெங்கும் மணக்கும். வெயில் ஏற ஏற மல்லிகை மொட்டு வைக்கும். கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும். மாரி தொடங்கியதும், நிலத்துள் உறங்கிய கார்த்திகைக் கிழங்கு விழித்து, வேலியிலே கொடியோடி, தீச்சுவாலை போன்ற பூவை விரிக்கும். செவ்வரத்தை மட்டுமே காலம் பாராது ஆண்டு முழுவதும் பூத்துக் கொண்டிருக்கும். ஒவ்வொரு செடிக்கும் படைத்தவர் ஒரு வேளையைக் குறித்து வைத்திருக்கின்றார்.

பூக்கும் வேளைக்கு அழகோடு இன்னொரு பயனும் உண்டு. ஒரு செடி இன்னதென்று ஐயமற அறிவதற்கு அதன் பூவே முதன்மையான சான்றாகும். இலை பல வேளைகளில் ஏமாற்றும். நிழலில் நின்றால் அகன்றிருக்கும். வெயிலில் நின்றால் சிறுத்திருக்கும். பூவின் அமைப்போ எளிதில் மாறுவதில்லை. ஆகையினாலேயே சுவீடன் நாட்டுத் தாவரவியலாளரான லின்னேயஸ், 1753 ஆம் ஆண்டு வெளியிட்ட தமது பெருநூலிலே, பூவிலுள்ள கேசரங்களையும் சூலகத்தையும் எண்ணியே தாவரங்களை வகுத்தார். இன்றும் ஒரு செடியை இனங்காண விரும்புவோர், பூவோ காயோ உள்ள சிறு கிளையொன்றைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தி, அறிந்தவர்களிடம் கொண்டு செல்வதே முறையாகும்.

வலிகாமம் வடக்கின் மக்கள் 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்ததையும், மயிலிட்டியின் ஒரு பகுதி 27 ஆண்டுகளின் பின்னர் 2017 யூலையிலே விடுவிக்கப்பட்டதையும் நாம் அறிவோம். அவ்வாறு திரும்பிச் சென்ற குடும்பங்களுக்கு முதலில் கிடைத்த வேலை, காடு வெட்டுவதே. வேலி இல்லை, கூரை இல்லை. எல்லைக் கல்லையே தேட வேண்டிய நிலை. ஏழு வயதிலே அவ்விடத்தை விட்டுப் புறப்பட்ட ஒரு பெண், தாயாகித் தன் கணவரோடும் பிள்ளைகளோடும் அங்கே திரும்பினார். அவருடைய அன்னை இடம்பெயர்ந்த வாழ்விலேயே இறந்துபோனார். அன்னையின் கைபட்ட பொருள் எதுவும், ஒரு புகைப்படம்கூட, அவரிடம் எஞ்சியிருக்கவில்லை.

இடிந்த கிணற்றின் அருகே ஆளுயரத்துக்கு ஒரு செடி நின்றது. இலையைத் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரத்தது. உதவிக்கு வந்தவர்கள் அதனைப் பராய் என்றார்கள்; வெட்டி எரிக்கச் சொன்னார்கள். அப்பெண்ணின் கணவரோ ஒரு சுள்ளியை ஒடித்துப் பார்த்தார். பராயாயின் பால் வடிந்திருக்கும், இதில் வடியவில்லை. பராயின் இலைகள் மாறி மாறித் தோன்றுபவை. இதன் இலைகளோ சோடி சோடியாக எதிரெதிரே நின்றன. இளந்தண்டும் உருண்டையாக இல்லாமல் நாற்பட்டையாக இருந்தது. “இது வேறேதோ. ஒரு மாரி பார்ப்போம்” என்று கத்தியைக் கீழே வைத்தார்.

ஐப்பசி மழை பெய்தது. ஒருநாள் விடியற்காலையிலே கிணற்றடி நிலம் வெண்மையாகக் கிடந்தது. வெள்ளை இதழும் பவளநிறக் காம்பும் கொண்ட சிறு பூக்கள், மாலையில் மலர்ந்து இரவெல்லாம் மணந்து, கதிரவன் எழுமுன்னரே உதிர்ந்திருந்தன. பக்கத்துக் காணிக்குத் திரும்பி வந்திருந்த முதியவள் ஒருத்தி அதைக் கண்டு நின்றாள். “பிள்ளை, இது உன்ர அம்மா வைச்ச பவளமல்லி எல்லே. விடியவெள்ளன இந்தப் பூவைப் பொறுக்கித்தான் மாதா படத்துக்கு வைப்பா” என்றாள். பழைய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்ததாயினும், அதன் விதையிலிருந்து முளைத்ததாயினும், அன்னை நட்ட செடியின் உயிரே அங்கு நின்றது. அன்று காலையிலே அந்த மகள் பூப்பொறுக்கக் குனிந்தபோது, தன் தாய் எந்த இடத்தில் குனிந்திருப்பாள் என்பதையும் முதன்முறையாக அறிந்துகொண்டாள்.

இம்மரத்துக்கு லின்னேயஸ் இட்ட பெயரின் பொருள், ‘இரவில் மலரும் துயர மரம்’ என்பதாகும். நிலத்தில் விழுந்த பூவை வழிபாட்டுக்குக் கொள்ளாத வழக்கமுடைய எமது இந்துச் சகோதரரும், பவளமல்லிக்கு மட்டும் விலக்களிப்பர். விழுந்த பின்னரும் தகுதி இழக்காத பூ அது.

அன்புக்குரியவர்களே, ஆண்டவர் இயேசு தோட்டத்தையும் வயலையும் நன்கு அறிந்தவர். மத்தேயு நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்திலே, கோதுமைக்கிடையே முளைத்த களையை உடனே பிடுங்கத் துடித்த பணியாளரை வீட்டுத் தலைவர் தடுக்கின்றார். அக்களை, கதிர் வரும்வரை கோதுமையைப் போலவே தோன்றும் ஒரு புல் என்று அறிஞர் கூறுவர். வயலில் நெல்லோடு நெல்லாய் வளரும் பன்றிநெல்லைக் கண்ட எமது விவசாயிகளுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. லூக்கா நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்திலோ, மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கின்றார். வெறுமனே கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாக வாக்களிக்கின்றார். ஆகவே பொறுத்திருத்தல் என்பது கைகட்டி நிற்பதன்று. கவனித்து, நீரூற்றி, உற்றுநோக்கிக் காத்திருப்பதாகும்.

எல்லாச் செடியையும் விட்டுவைக்க வேண்டுமென்பது இதன் பொருளன்று. தோலையும் மூச்சையும் வருத்தும் பார்த்தீனியத்தை அறிந்தவுடன், அது விதை சிந்துமுன்னரே அழித்தல் எமது கடமை. அலரியும் பொன்னலரியும் கண்ணுக்கு அழகானவை. ஆயினும் நஞ்சுள்ளவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். பெயர் தெரியாத இலையையோ காயையோ வாயில் வைக்கலாகாது. அறிந்த களையைக் களைவது விவேகம்; அறியாத செடியைக் களையென்று தீர்ப்பிடுவதோ அநீதி. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே பொறுமை வேண்டப்படுகின்றது.

எமது குடும்பங்களிலும் பெயரறியாச் செடிகள் இல்லையா? பரீட்சைப் பெறுபேறு வந்த அன்றே ஒரு பிள்ளையை “உருப்படாதது” என்கின்றோம். அதிகம் பேசாத மருமகளைக் கர்வக்காரி என்கின்றோம். புதிதாக ஊருக்குள் வந்த குடும்பத்துக்கு, அவர்கள் வாயைத் திறக்குமுன்னரே ஒரு பெயர் சூட்டிவிடுகின்றோம். சொரசொரத்த இலையைக் கண்டதும் பராய் என்ற அவசரமே இங்கும் நிகழ்கின்றது. ஒரு சுள்ளியை ஒடித்துப் பார்க்கவும், இலை எவ்வாறு நிற்கின்றதென்று குனிந்து நோக்கவும், ஒரு மாரி காத்திருக்கவும் எமக்கு நேரமில்லை. பதினைந்து வயதிலே பூக்காத பிள்ளை முப்பது வயதிலே பூக்கலாம். அதுவரை அவனுக்கு நீரூற்றியவர் யார் என்பதே நாளை கேட்கப்படும் கேள்வி.

உயிர்ப்பின் காலையிலே மகதலா மரியா ஆண்டவரைக் கண்டும் தோட்டக்காரர் என்றே எண்ணினார். அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்த பின்னரே அறிந்துகொண்டார். எம் ஒவ்வொருவரின் பெயரையும், நாம் பூக்கு முன்னரே அறிந்திருக்கும் அத்தோட்டக்காரர், எமது கைகளிலுள்ள கத்தியைச் சற்றே கீழே வைக்கும் அருளை எமக்குத் தருவாராக. இவ்வாரம் உங்கள் வளவிலே பெயர் தெரியாத ஒரு செடியைக் கண்டால், பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். அது பூக்கும் நாளை அவர்களோடு சேர்ந்து காத்திருங்கள்.